மீண்டு வாரா எழுத்துகள்

பேரம் பேசி விற்கும் பொருள்களின் மேல் வணிகர் தாம் கொண்ட விலையை வெளிப்பட எழுதிவைப்பதில்லை. நகையும் பழம்பொருளும் விற்கும் ஆங்கில வணிகருள் சிலர் இதற்கு ஓர் உபாயம் கையாள்வதுண்டு. பத்து எழுத்துடைய ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டு, அவ்வெழுத்துகளை முறையே 1 முதல் 9 வரையுள்ள எண்களுக்கும் இறுதியில் சுழிக்கும் அடையாளமாக வைத்துக்கொள்வர். வழி கண்டறிவோன் எனப் பொருள்படும் 'பாத்ஃபைண்டர்' அத்தகைய சொல். அதன் முதலெழுத்தாகிய 'பி' 1; அடுத்த 'ஏ' 2; 'டி' 3; 'எச்' 4; ஈற்றில் நிற்கும் 'ஆர்' சுழி. 240 என்னும் விலை 'ஏ, எச், ஆர்' எனச் சீட்டில் நிற்கும். வாங்குவோர்க்கு அது விளங்காது. அச்சொல்லில் ஏதேனும் ஓர் எழுத்து இருமுறை வந்திருப்பின், அவ்வெழுத்துக்கு எண் இரண்டாகி, விற்பவரே மயங்க நேரும்.

ஆங்கில எழுத்துகள் 26. ஆதலின் எழுத்து மீளாத சொல் எதுவும் அவ்வெல்லையைக் கடத்தல் இயலாது. கை, கால்களின் தோல்வரிகளை ஆராயும் துறைக்கு 1926ஆம் ஆண்டில் 'டெர்மட்டோகிளிஃபிக்ஸ்' என்று பெயரிட்டனர். ஆங்கிலத்தில் அப்பெயர்க்கு எழுத்துகள் 15. அவற்றுள் ஒன்றேனும் மீண்டு வரவில்லை. சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் பெயர்தான்.

தமிழில் இத்தகைய சொற்களைத் தேடப் புகுந்தால், முதலடியிலேயே ஒரு வினா எதிர்ப்படுகின்றது. எழுத்து என்பது யாது? கண்ணாற் காணும் வரிவடிவா, காதாற் கேட்கும் ஒலிவடிவா? 'மரம்' என்னும் சொல்லை எழுதினால் ம, ர, ம் என மூன்றும் வெவ்வேறு எழுத்துகள். ஒலியாகப் பிரித்தாலோ ம், அ, ர், அ, ம் என மகரமெய்யும் இருமுறை வருகின்றது. அகரமும் இருமுறை வருகின்றது. 'எழுத்து' என்னும் சொல்லே இவ்வாறு ஏமாற்றுவதுதான். எ, ழு, த், து என்னும் நான்கும் கண்ணுக்கு வேறு; காதுக்கோ தகரமெய்யும் உகரமும் இரட்டிக்கின்றன.

வரிவடிவை மட்டும் நோக்கின் வேலை எளிது. 247 எழுத்துகள் உள்ள மொழியில், 'பாப்பா', 'தாத்தா', 'வளவன்' போன்றவற்றை விலக்கிவிட்டால், சிறிய சொற்களுட் பெரும்பாலானவை தேறிவிடும். ஒலிவடிவை நோக்குவதே உண்மையான தேர்வு. 'பழம்', 'படம்', 'நகரம்' என அம் ஈற்றுப் பெயர்கள் பல அகரத்தாலேயே தோற்றுப்போகும். 'கோபுரம்' அவ்வீறு பெற்றும் தேறுகின்றது. 'நாழிகை', 'தாமரை', 'வானொலி' ஆகியவற்றில் அறுவகை ஒலிகள் உள்ளன, 'தொலைபேசி'யில் எட்டு. 'தமிழ்' என்னும் பெயரிலும் எவ்வொலியும் மீளவில்லை. அன்றியும், வல்லினத்தில் ஒன்று, மெல்லினத்தில் ஒன்று, இடையினத்தில் ஒன்று என மூவின மெய்யும் அதில் அமைந்துள்ளன.

சில எழுத்துகள் மீண்டு வந்தே தீரவேண்டும் என்பது தமிழின் இயல்பு. க், ச், த், ப் என்னும் நான்கு மெய்களும் ஒரு சொல்லின் இடையில் புள்ளி பெற்று நின்றால், அவற்றை அடுத்து அவற்றின் இனமே வரும். பிற மெய் வாராது. பக்கம், பச்சை, பத்து, உப்பு என்பவற்றைக் காண்க. ர், ழ் என்னும் இரண்டும் இதற்கு நேர்மாறானவை. அவை தம்மோடு தாம் ஒருபோதும் சேரா. பவணந்தி முனிவர் நன்னூலில் இவற்றை உடனிலை மெய்ம்மயக்கம், வேற்றுநிலை மெய்ம்மயக்கம் எனப் பகுத்துரைத்தார். வடசொற்களும் இவ்விதிக்கு இணங்கின. 'சப்தம்' 'சத்தம்' ஆயிற்று. 'பக்தி' 'பத்தி' ஆயிற்று.

ஆங்கிலத்தில் 'லெட்டர்' என்னும் சொல்லை 'டி' இரண்டு இட்டு எழுதுவர்; ஒலிப்பதோ ஒன்றே. தமிழில் இரட்டித்த மெய் இரட்டித்தே ஒலிக்கும், பொருளையும் மாற்றும். ஒரு புள்ளியெழுத்தை விட்டுவிட்டால் பச்சை பசையாகும், பட்டம் படமாகும், பல்லி பலியாகும். 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தால் ஆனது. 'தந்த பலகை' ஒருவர் கொடுத்தது. விடைத்தாளில் ஒற்றை விட்டுவிடும் மாணவன் எழுதுவது பல வேளைகளில் வேறொரு சொல்லாகவே அமைந்துவிடுகின்றது.

இனி, அவ்வணிகரின் உபாயத்தைத் தமிழில் கையாள விரும்புவோர்க்கும் சொல் உண்டு. 'தொழிலாளர்' என்பதைப் பிரித்தால் த், ஒ, ழ், இ, ல், ஆ, ள், அ, ர் என ஒன்பது ஒலிகள் கிடைக்கும், ஒன்றும் மீளவில்லை. 1 முதல் 9 வரை அவற்றை வரிசையாக வைத்து, தனித்து நிற்கும் ஆய்தத்தைச் சுழியாகக் கொள்ளலாம். அப்போது 250 என்னும் விலை சீட்டில் 'ஒ, ல், ஃ' என்று நிற்கும்.