நாட்பட்ட முதுகுவலியும் நடமாட்டமும்

கடும் உழைப்பைக் குறிக்கத் தமிழில் 'இடுப்பொடிய வேலை செய்தல்' என்றொரு வழக்கு உண்டு. மலாயாத் தோட்டப்புறத்தில் இதன் பொருளை அகராதி பார்த்து அறிய வேண்டிய தேவை எவர்க்கும் இருந்ததில்லை. பொழுது புலருமுன் பால்மரக் காட்டுக்குள் சென்று, மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து சீவி, பின்னர்த் தோளிலே கம்பிட்டு இருபுறமும் பால் வாளிகளைச் சுமந்து நடந்தவர்கள், மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் அமர்ந்திருந்த காட்சி முன் தலைமுறைக்கு நன்கு பழகியது. அவர்களுடைய பேரப் பிள்ளைகளுள் பலர் இன்று வகுப்பறையிலும் அலுவலகத்திலும் இருக்கின்றனர். வாளி சுமக்கும் வேலை அவர்களுக்கு இல்லை. ஆயினும் இடுப்புவலி மட்டும் குடும்பச் சொத்தைப் போல் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 61 கோடியே 90 இலட்சம் பேர் கீழ்முதுகு வலியுடன் இருந்தனர் என ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டுள்ளனர்.

'ஒடிதல்' என்னும் அச்சொல்லில் ஒரு கருத்து ஒளிந்திருக்கிறது. ஒடிந்த பொருள் அசையாது கிடந்தால்தான் கூடும். அசைத்தால் மேலும் கெடும். கையெலும்பு முறிந்தவனுக்குக் கட்டுப் போட்டு வைப்பதுபோல, முதுகு வலிக்கிறவனும் அசையாது படுத்திருக்க வேண்டும் என்று எண்ணுவது இயல்பே. மருத்துவ உலகமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியது. நாட்பட்ட முதுகுவலிக்காரர் பலரை முடக்கியதில் வலிக்கு எவ்வளவு பங்கு உண்டோ, இந்த எண்ணத்துக்கும் ஏறக்குறைய அவ்வளவு பங்கு உண்டு என்பதை அம்மருத்துவ உலகமே பின்னர்க் கண்டுகொண்டது. அவ்வாறு கண்டுகொண்ட வரலாறு அறியத்தக்கது. வலியோடு வாழ்கிறவர்க்குப் பயன்படத்தக்கதும் ஆகும்.

தண்டும் தட்டுகளும்

முதுகந்தண்டில் கழுத்துப் பகுதியில் 7, மார்புக்குப் பின்புறம் 12, இடுப்பில் 5 என 24 முள்ளெலும்புகள் தனித்தனியே அசையும் தன்மையன. அவற்றுக்குக் கீழுள்ளவை வளர்ந்தோரிடத்தில் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. அசையும் எலும்புகளுக்கிடையே மெத்தை வைத்தாற்போல் 23 தட்டுகள் உள்ளன. ஒவ்வொரு தட்டும் வெளியே உறுதியான நார் வளையங்களும் உள்ளே நீர் செறிந்த கூழும் கொண்டது.

வளர்ந்தோரின் தட்டுக்குள் இரத்தக் குழாய் செல்வதில்லை. வேண்டிய ஊட்டம் அருகிலுள்ள எலும்பின் விளிம்பிலிருந்து ஊறி வந்து சேர வேண்டும். பகலில் உடற்பாரம் அழுத்துவதால் தட்டிலுள்ள நீர் சிறிது சிறிதாக வெளியேறுகிறது. இரவில் படுத்திருக்கையில் மீண்டும் ஊறிக்கொள்கிறது. இதனால் மனிதனின் உயரம் காலையில் இருந்ததைவிட இரவில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும். 165 செண்டிமீட்டர் உயரமுள்ள ஆசிரியர் ஒருவர் படுக்கைக்குப் போகும்போது ஒன்றரை செண்டிமீட்டருக்கு மேல் குள்ளமாகியிருக்கிறார் என்றால் மாணவர் நம்பமாட்டார். அளந்து பார்த்தால் நம்புவார்.

1934இல் அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்னும் இரு அறுவை மருத்துவர்கள், இத்தட்டு கிழிந்து பிதுங்கி நரம்பை அழுத்துவதால் காலுக்கு இறங்கும் கடும் வலி உண்டாகலாம் என்பதை நிறுவினர். அது பெரிய கண்டுபிடிப்பு, உண்மையும் ஆகும். ஆனால் அதன்பின் நிகழ்ந்தது யாதெனில், இடுப்பில் எந்த வலி வந்தாலும் தட்டின்மேல் பழி சுமத்தும் வழக்கம் வேரூன்றியது. தட்டு பிதுங்கியிருக்கிறது, ஆகவே படுத்துக்கொள். ஒரு வாரமோ, மூன்று வாரமோ, அதற்கு மேலுமோ படுத்துக்கொள் என்பதே பொது அறிவுரையாயிற்று.

இவ்வறிவுரையை யாரும் முறையாகச் சோதித்துப் பார்க்கவில்லை என்பதுதான் வியப்பு. 1986இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், முதுகுவலியோடு வந்த 203 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை 2 நாளும் மற்றொரு பிரிவினரை 7 நாளும் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். குணமடைந்ததில் இரு பிரிவினர்க்கும் வேறுபாடு தோன்றவில்லை. 2 நாள் பிரிவினர் வேலைக்குப் போகாதிருந்த நாட்கள்தாம் மற்றவரைவிட 45 விழுக்காடு குறைந்திருந்தன. 1995இல் பின்லாந்தின் எல்சிங்கி நகர ஊழியர் 186 பேரிடம் இன்னொரு சோதனை நடந்தது. சிலர் படுத்திருந்தனர், சிலர் முதுகை வளைக்கும் பயிற்சி செய்தனர், சிலரிடம், இயன்ற அளவுக்கு வழக்கமான வேலைகளைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லப்பட்டது. வழக்கமான வேலை பார்த்தவர்களே விரைவில் தேறினர். படுத்திருந்தவர்கள் தேறுவதில் பின்தங்கினர். இவ்விரண்டும் புதிதாய் வந்த வலியைப் பற்றியவை என்பது மறக்கத்தக்கதன்று. ஆயினும் புதிய வலிக்கே உதவாத படுக்கை பழைய வலிக்கு உதவும் என்று எதிர்பார்க்கக் காரணமில்லை. அசையாதிருக்கும் தசை சில நாளிலேயே மெலியத் தொடங்குகிறது.

படத்தில் தெரிவது

'எலும்பு தேய்ந்துவிட்டது' என்னும் தொடரைக் கேட்காத முதுகுவலிக்காரர் அரியர். படம் எடுத்துப் பார்த்து அவ்வாறு சொல்லக் கேட்டவர் அன்று முதல் தம் முதுகைக் கண்ணாடிப் பாத்திரத்தைப் போலக் காக்கத் தொடங்கிவிடுகிறார். பேரப் பிள்ளையைத் தூக்குவதில்லை. கோயிலில் தரையில் உட்காருவதில்லை. ஒரு புத்தகம் கீழே விழுந்தாலும் எடுக்க ஆள் தேடுகிறார்.

1994இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று இவர்கள் யாவரும் அறிய வேண்டியது. முதுகுவலியே இல்லாத 98 பேரின் இடுப்புத் தண்டைக் காந்த அதிர்வுப் படம் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களுள் 52 விழுக்காட்டினர்க்கு ஓரிடத்திலேனும் தட்டு புடைத்திருந்தது. எல்லாத் தட்டுகளும் குறையின்றி இருந்தவர் 36 விழுக்காட்டினரே! வலி இல்லாதவரிடத்திலும் இத்தனை மாற்றங்கள் காணப்படுமாயின், வலி உள்ளவரின் படத்தில் காணும் மாற்றமே அவர் வலிக்குக் காரணம் என்று எப்படித் துணிவது? நரைத்த தலையில் வலி வந்தால் நரையைக் காரணம் சொல்வாரில்லை. கீழ்முதுகு வலிக்காரர் பத்துப் பேரில் ஒன்பது பேர்க்கு, இந்த உறுப்பின் இந்தக் கேடுதான் காரணம் என்று திட்டமாகக் காட்ட இயலாது என்பதே இற்றை நாள் மருத்துவர் கருத்து. பிதுங்கிய தட்டுங்கூடப் பலரிடத்தில் சில மாதங்களில் தானே சுருங்கிவிடுகிறது.

அவ்வாறாயின் வலி பொய்யா? பொய்யன்று. 'எல்லாம் மனப்பிரமை' என்று சொல்லும் உறவினர் இவ்விடத்தில் பெருந்தவறு செய்கின்றனர். வலி என்பது உடலைக் காக்கும் நரம்புகளும் மூளையும் சேர்ந்து எழுப்பும் எச்சரிக்கை. ஒருமுறை திருடன் புகுந்த வீட்டுக் காவல் நாய், பின்னர் இலை உதிர்ந்தாலும் குரைப்பதைப் போல, 12 வாரங்களுக்கு மேல் நீடித்த வலியில் நரம்பு மண்டலம் சிறு தூண்டுதலுக்கும் பெருங்குரல் எழுப்பப் பழகிவிடுகிறது. காயம் ஆறிய பின்னும் குரைப்பு நிற்பதில்லை. உறக்கக் குறைவும் மனக்கவலையும் அதனை வளர்க்கும். எல்லாவற்றினும் மேலாக வளர்ப்பது அச்சம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது போல, குனிந்தால் ஒடிந்துவிடும் என்று அஞ்சுகிறவர்க்கு ஒவ்வொரு குனிவும் வலியாகவே முடிகிறது.

இவ்வச்சத்தைப் போக்கினாலே பயன் உண்டு என்பதற்கு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் சான்று. 1997இல் தொடங்கி அங்கே தொலைக்காட்சி வழியாக, முதுகு வலித்தாலும் படுத்துவிடாதீர்கள், வேலையைத் தொடருங்கள் என்று அரசு சார்பில் பரப்புரை செய்யப்பட்டது. மக்களின் எண்ணம் மாறியது. மருத்துவரின் எண்ணமும் மாறியது. முதுகுவலிக்காக வேலையிடத்து இழப்பீடு கேட்போர் தொகையும் குறைந்தது.

பொறுக்கக் கூடாத குறிகள்

மேற்கூறியன சிலருக்குப் பொருந்தா. முதுகுவலியோடு சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாமற்போதல், சிறுநீர் பிரியாமை, தொடைகளின் உட்புறமும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போதல் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கால் நாளுக்கு நாள் வலுவிழந்து வந்தாலும் தாமதம் கூடாது. காய்ச்சலோடு வரும் வலி, காரணமின்றி உடல் மெலிதல், முன்பு புற்றுநோய் கண்டவர்க்கு வரும் வலி, எலும்பு வலுவற்ற முதியவர்க்கு விழுந்தபின் வரும் வலி ஆகியவற்றையும் மருத்துவர் பார்த்தே தீர வேண்டும். இங்குக் கைவைத்தியம் பார்த்து நாளைக் கழிப்பது தீங்கு.

அளவும் முறையும்

மற்றையோர்க்கு நடமாட்டமே மருந்து என்றால், எவ்வளவு என்ற வினா எழும். இங்கேதான் பெரும்பாலோர் இடறுகின்றனர்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கிறது. சனிக்கிழமை காலை முதுகு இலேசாக இருக்கிறது. வீட்டுத் தலைவி அன்றைக்கே சன்னல் துடைத்து, திரைச்சீலை துவைத்து, அலமாரியை நகர்த்தி, மாலையில் பலகாரத்துக்கும் அமர்ந்துவிடுகிறார். ஞாயிறும் திங்களும் படுக்கை. வலி தணிந்ததும், விட்டதைப் பிடிக்கும் வேகத்தோடு மறுபடியும் அதே பாடு. நல்ல நாளில் அளவு மீறுவதும் கெட்ட நாளில் அறவே விடுவதுமாக மாதங்கள் செல்லச் செல்ல, மொத்தத்தில் செய்யக்கூடிய வேலை குறைந்துகொண்டே வருகிறது. விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்க்கும் இஃது பொருந்தும். நாற்பது கட்டுரைகளையும் ஒரே இருப்பில் முடித்துவிட்டு எழ முயல்கிறவரை நாற்காலி எளிதில் விடுவதில்லை.

அமெரிக்காவின் வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் வலி பற்றி ஆராய்ந்த உளவியலாளர் போர்டைஸ் என்பார் இச்சுழலை உடைக்க ஒரு வழி காட்டினார். வேலையை நிறுத்தும் நேரத்தை வலி முடிவு செய்யக் கூடாது. முன்கூட்டியே வகுத்த அளவு முடிவு செய்ய வேண்டும் என்பது அது. வலி மிகாமல் எவ்வளவு நேரம் நடக்க இயலும் என்று சில நாட்கள் பார்த்து, அதனினும் சற்றுக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். பத்து நிமிடம் இயலுமாயின் எட்டு நிமிடம். நல்ல நாளிலும் எட்டு. வலிக்கும் நாளிலும் எட்டு. அடுத்த வாரம் ஒன்பதோ பத்தோ ஆக்கலாம். நல்ல நாளில் எட்டோடு நிறுத்துவதுதான் கடினம். வலிக்கும் நாளில் எட்டு நடப்பது அத்துணைக் கடினமன்று என்பது செய்து பார்த்தவர்க்கு விளங்கும். திருத்தும் பணியில் ஐந்து கட்டுரைக்கொருமுறை எழுந்து சாளரம்வரை நடப்பதும், சன்னலை இன்றும் திரைச்சீலையை நாளையும் பார்ப்பதும் இதே முறைதான். சற்று வலி கூடினால் கேடு நேர்ந்துவிட்டது என்று பொருளன்று. அடுத்த நாளும் அது தணியாவிட்டால் அளவைச் சிறிது குறைத்துக்கொண்டால் போதும்.

'நிமிர்ந்து உட்கார்' என்பது ஆசிரியர் மாணவருக்கு இடும் பழைய கட்டளை. அதனால் முதுகுவலி வராது காக்கலாம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எந்த இருப்பும் நெடுநேரம் தொடர்ந்தால் வலிக்கும். அடிக்கடி மாற்றுவதே நன்று. கரும்பலகையருகே நெடுநேரம் நிற்பவர் ஒரு காலைத் தாழ்ந்த பலகைமேல் மாற்றி மாற்றி வைப்பது சிலர்க்கு இதமளிக்கிறது. பயிற்சி ஏட்டுக் கட்டுகளைக் கையை நீட்டிப் பிடிக்காமல் மார்போடு அணைத்துச் சுமந்தால் இடுப்பின் பாரம் பெரிதும் குறையும்.

இரவில் நீர் ஊறிப் புடைத்திருக்கும் தட்டு, காலையில் குனியும்போது மிகுந்த இறுக்கத்துக்கு உள்ளாகிறது. எழுந்தவுடன் ஆழக் குனிவதைத் தவிர்த்தவர்க்கு நாட்பட்ட வலி குறைந்ததை 1998இல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி காட்டியது. தரையைத் துடைத்தல், துணி வாளி தூக்கல் போன்றவற்றைக் காலை உணவுக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். இருளிலேயே எழுந்து மரத்தடியில் குனிந்த தோட்டத் தொழிலாளர்க்கு இவ்வசதி வாய்க்கவில்லை.

முதுகுவலிக்குப் பலகையில் படுக்க வேண்டும் என்பாரும் உளர். 2003இல் ஸ்பெயினில் நாட்பட்ட வலியுள்ள 313 பேரிடம் சோதித்ததில், மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டியே நலம் தந்தது. தவிட்டு ஒத்தடமும் கோடாலித் தைலமும் தரும் சூடு சிறிது நேரம் இதமளிக்கும். அந்நேரத்தை நடக்கப் பயன்படுத்தினால் அவற்றால் முழுப்பயன். உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டி, இடுப்புப் பட்டையையும் இழுவைச் சிகிச்சையையும் அபினி வகை மருந்துகளையும் நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு வழக்கமாகத் தர வேண்டாம் என்று கூறி, உடற்பயிற்சியையும் வலி பற்றிய அறிவூட்டலையும் ஏற்கிறது. அழற்சி தணிக்கும் மாத்திரைகள் சிலர்க்கு உதவும். வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர் அவற்றைத் தாமே வாங்கி உண்ணல் ஆகாது.

எந்தப் பயிற்சி சிறந்தது என்னும் கேள்விக்கு, விடாமல் செய்யக்கூடியது எதுவோ அது என்பதே விடை. நீச்சலும் யோகாசனமும் பலர்க்கு ஏற்கும். ஆனால் செலவும் கருவியும் வேண்டாதது நடையே. வலியிலிருந்து அண்மையில் தேறிய 701 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்து 2024இல் வெளியான ஆராய்ச்சியில், ஒரு பிரிவினர் இயன்முறை மருத்துவரின் வழிகாட்டலோடு சிறிது சிறிதாக நடையை உயர்த்தினர். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி என்பது இலக்கு. மற்றப் பிரிவினர்க்கு வலி திரும்ப ஆன இடைக்காலம் 112 நாட்கள். நடந்தவர்க்கு 208 நாட்கள். நடந்தவர்க்கும் வலி திரும்பத்தான் செய்தது. ஆனால் மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட நல்ல நாட்கள் கூடுதலாய்க் கிடைத்தன. வெயிலும் மழையும் மாறி மாறி வரும் இந்நாடுகளில் அதற்கு அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளமோ பள்ளியின் நீண்ட தாழ்வாரமோ போதும்.