புளியறையில் தடுப்பதும் வீட்டில் விடுப்பதும்

கேரளத்திலிருந்து கழிவு ஏற்றிவரும் லாரிகளைப் புளியறைச் சோதனைச் சாவடியில் மறித்துத் திருப்பியனுப்பினார்கள் என்று பத்திரிகையில் படிக்கும்போதெல்லாம் நாம் பூரிப்படைகிறோம். நியாயந்தான். ஆனால் நம் வீட்டுக் கழிவறைத் தொட்டியை உறிஞ்சிப் போகும் லாரி அதை எங்கே கொட்டுகிறது என்று என்றேனும் விசாரித்தோமா? குற்றாலத்தருவி விழும் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. இங்கே ஓடையில் விட்டது அங்கே குடத்தில் ஏறும்.

பழைய மைசூர் ராஜ்யத்துத் தேவனஹள்ளி, திப்பு சுல்தான் பிறந்த ஊர், இதற்கொரு வழி கண்டது. பாதாளச் சாக்கடையில்லாத அச்சிறு நகரில், நாளொன்றுக்கு 6,000 லிட்டர் கசடைச் சுத்திகரிக்கும் நிலையம் 2015-ல் அமைந்தது. லாரி கொணரும் கசடு மூடிய தொட்டிகளில் காற்றின்றிப் புளிக்கும். பின்னர் பாத்திகளில் பரப்பப்பட்டு வெயிலில் உலரும். வடிந்த நீரைச் சரளைப் படுகையும் அதில் வேரூன்றிய செடிகளும் தெளிவிக்கும். எல்லாம் மேட்டிலிருந்து பள்ளத்திற்குத் தானே ஓடுவதால் மின்சாரச் செலவு சொற்பமே. பெரிய யந்திரங்களைக் கண்டு மலைக்கும் நகரசபைகள் இதைக் கவனிக்கவேண்டும்!

உலர்ந்த கசடைக் காய்கறிக் குப்பையோடு குவித்து மக்கவிட்டார்கள். குவியலுள் மூளும் சூட்டில் நோய்க்கிருமிகள் மடிகின்றன. முகஞ்சுளிப்போர் சுளிக்கட்டும்; அந்த எருவை விவசாயிகள் விலைகொடுத்து வாங்கிச் சென்றார்கள்.