அட்டையில் தெரியாத அஸ்திவாரம்

ஸ்ரீபெரும்புதூரில் ஏற்றிய கார்களோடு கண்டெய்னர் லாரிகள் ஓடும் பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்துக் கிழக்கே வந்தால், பூந்தமல்லி தாண்டி எழும்பூரில் ஒரு வெள்ளைக் கோபுரம் நிற்கிறது. ஸ்காட்லாந்துக்காரர்களுக்காக 1818-ல் தொடங்கி 1821-ல் திறக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்ச் அது. மவுண்ட் ரோடு ஹிக்கின்பாதம்ஸ் போன்ற கடைகள் சென்னைக் காட்சிகளைப் படத் தபால் அட்டைகளாக விற்ற காலத்தில், இந்தக் கோபுரமும் கப்பலேறிச் சீமைக்குப் போனது.

அங்கே அதைக் கையில் வாங்கியவர்களுக்குத் தங்கள் ஊர்த் தேவாலயமே நினைவுக்கு வந்திருக்கும். லண்டனில் ஜேம்ஸ் கிப்ஸ் கட்டிய செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தை மனதில் வைத்து எழுப்பியது இது. அதே தூண் முகப்பு, அதன் மேல் அதே கூர்நுனிக் கோபுரம்.

அட்டைக்கு அகப்பட்டது அந்த முகப்புதான். இந்தக் கட்டடத்தின் மேன்மையோ மண்ணுக்கடியில் இருக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் இளகிய களிமண் நிலம் அது. அதன்மேல் இவ்வளவு பாரத்தை ஏற்ற, மதராஸ் பொறியாளர் படையின் தாமஸ் டி ஹாவிலண்ட் நம் ஊர் வழியைக் கையாண்டார்: ஏறத்தாழ 150 கிணறுகளை இறக்கி, அவற்றின்மேல் அஸ்திவாரம் போட்டார். ஒரகடத்தில் தொழிற்சாலைக்குப் பைல் இறக்குகிறவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். உள்ளே போனால் 16 தூண்கள் வட்டமாக நின்று நீல விதானத்தைத் தாங்குகின்றன. முகப்பைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்கு இப்படியொரு வட்டக் கூடம் உள்ளே இருப்பதே தெரியாது. கிணறு வெட்டியவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள் பெயரை எந்த அட்டையும் சொல்வதில்லை. அடியில் அச்சானது சர்ச்சின் பெயரும் கடையின் பெயரும்தான். அந்தக் கைகளின் வேலை இரு நூற்றாண்டு மழையைத் தாங்கி நிற்கிறது என்பதை நான் பெருமையோடு எழுதுகிறேன்.

பழைய அட்டை கையில் கிடைத்தால் முதலில் பின்பக்கத்தைத் திருப்புங்கள். தொடக்க கால அட்டைகளில் பின்பக்கம் முழுவதும் முகவரிக்கே. சேதியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதுவார்கள். பிரிட்டனில் 1902-ல்தான் பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்துச் சேதியும் எழுத அனுமதித்தார்கள். தபால்தலையில் ஏழாம் எட்வர்டு இருந்தால் 1902-க்குப் பிந்தியது, ஐந்தாம் ஜார்ஜ் இருந்தால் 1911-க்குப் பிந்தியது என்று ஓரளவு கணிக்கலாம். முத்திரைத் தேதி தெளிவாக இருந்தால் கணிப்பே வேண்டாம். தபால்தலை சேர்ப்பவர்கள் எத்தனையோ அட்டைகளைத் தண்ணீரில் ஊறவைத்துத் தலையை உரித்தெடுத்துவிட்டார்கள். முத்திரையில் பாதியும் அதோடு போய்விட்டது. உங்கள் வீட்டுப் பெட்டியில் ஒன்று இருந்தால், தயவுசெய்து அதை உரிக்காதீர்கள். படம் எடுத்து வைப்பதானால் இரண்டு பக்கத்தையும் எடுங்கள்.