மரியோவின் ஆறு தங்கக் காசுகள்

ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறீர்கள். உங்கள் வீட்டில் வேறு யாரோ உட்கார்ந்துகொண்டு கதவைத் திறக்க மாட்டேன் என்கிறார். எப்படி இருக்கும்? மீசைக்கார மரியோவுக்கு அப்படித்தான் ஆனது, குட்டீஸ்!

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1989ல் 'கேம்பாய்' என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. நான்கு பென்சில் பேட்டரி, பச்சை நிறத்தில் சின்னத் திரை, அவ்வளவுதான். அதே ஆண்டு வந்த 'சூப்பர் மரியோ லேண்ட்' விளையாட்டில், இளவரசி டெய்சியை மீட்க மரியோ வேறு நாட்டுக்குப் போனார். அந்த நேரம் பார்த்து அவரது கோட்டையை ஒருவன் பிடித்துக்கொண்டான். 1992ல் வந்த இரண்டாம் பாகத்தின் கதை இது. அவன் பெயர் வாரியோ. ஜப்பான் மொழியில் 'வாருய்' என்றால் கெட்ட என்று பொருள். மரியோ தொப்பியில் இருக்கும் 'எம்' எழுத்தைத் தலைகீழாக்கினால் வாரியோவின் 'டபிள்யூ'!

கோட்டை திறக்க ஆறு தங்கக் காசுகள் வேண்டும். அவை ஆறு இடங்களில் இருக்கின்றன. நீர்யானை விடும் குமிழிக்குள் ஏறி விண்வெளிக்குப் போகலாம். ஒரு வீட்டில் மரியோ எறும்பு போல் சுருங்கிவிடுவார். இன்னோர் இடமோ ராட்சத மரியோ பொம்மையின் உட்புறம்! கேரட் தின்றால் முயல் காது முளைக்கும். அதை ஆட்டி மெதுவாக மிதந்து இறங்கலாம். ஆனால் உயிர்கள் எல்லாம் தீர்ந்தால், சேர்த்த காசு அத்தனையும் போய்விடும். மறுபடி சண்டை போட்டுத்தான் மீட்க வேண்டும். கொஞ்சம் கொடுமைதான்!

உலகம் முழுக்க ஒரு கோடிக்கும் மேல் விற்ற விளையாட்டு இது. அதனால் வெறும் கேசட் அபூர்வமில்லை. அட்டைப் பெட்டியும் விளக்கப் புத்தகமும் கசங்காமல் சேர்ந்திருந்தால்தான் சேகரிப்பாளர்கள் நல்ல விலை கொடுப்பார்கள். அந்தக் காலத்தில் நாம் முதலில் கிழித்துப் போட்டது அந்தப் பெட்டியைத்தானே!

கேசட்டுக்குள் ஒரு பட்டன் செல் உண்டு. விளையாட்டை எங்கே நிறுத்தினீர்கள் என்பதை ஞாபகம் வைத்திருப்பது அதுதான். முப்பது வருடம் தாண்டியதால் பலவற்றில் அது தீர்ந்துவிட்டது. கவலை வேண்டாம், விளையாட்டு அழியாது. சேமித்த இடம் மட்டும்தான் மறந்துபோகும்.

பெரிய முதலியார்சாவடி, மரக்காணம் போன்ற கடற்கரை ஊர்க் குட்டீஸுக்கு இன்னொரு எதிரியும் உண்டு: உப்புக் காற்று. மழைக்காலத்தில் ஜாடி உப்பு கசிகிறதல்லவா? உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். கேசட்டின் உலோக முனைகளில் அது படிந்தால் அரிப்புதான். வெளிநாட்டு மாமா எப்போதோ வாங்கி வந்த கேம்பாய் பரணில் இருந்தால், முதலில் உள்ளே மறந்துவிட்ட பென்சில் பேட்டரிகளை எடுக்கச் சொல்லுங்கள். கேசட்டை மூடிய டப்பாவில், புதுச் செருப்புப் பெட்டியில் வருமே, அந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள். 'ப்பூ' என்று வாயால் ஊதக் கூடாது, எச்சில் ஈரம் ஒட்டும்!

2023ல் நின்டெண்டோ தனது 'ஸ்விட்ச்' கருவியிலும் இதைக் கொண்டுவந்தது. ஆனாலும் பழைய கேசட்டுக்கு ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எப்போதோ, யாரோ ஒரு குழந்தை நிறுத்திய இடத்தில் மரியோ இன்னும் நிற்கலாம் அல்லவா? பட்டன் செல்லைக் கழற்றினால் அதுவும் அழிந்துவிடும். எனவே மாற்றக் கொடுக்கும் முன், ஒருமுறை போட்டு, எத்தனை காசு சேர்ந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.