அழுகை எல்லாம் பசியல்ல



காலை வேளையில் மகப்பேற்றுப் பிரிவைச் சுற்றி வரும்போது தாய்மார் எங்களிடம் கேட்டுக்கொள்ளும் ஜெபங்களில் அடிக்கடி வருவது ஒன்று உண்டு. "ஐயா, எனக்குப் பால் ஊற ஜெபம் பண்ணுங்கள்" என்பதே அது. சில மாதங்களுக்கு முன் ஆறு வாரக் குழந்தையோடு வந்த ஓர் இளம் தாயும் அவ்வாறே கேட்டார். அவருடைய பையில் இன்னும் திறக்காத பால்மாவு டின் ஒன்று இருந்தது. "சாயங்காலம் ஆனால் ஓயாமல் அழுகிறான். பால் கொடுத்தாலும் உதறிவிடுகிறான். உனக்குப் பால் போதவில்லை என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள்" என்று சொல்லி அவரும் அழுதார்.

நாங்கள் ஜெபித்தோம், பின்பு மூத்த செவிலியரையும் அழைத்தோம். குழந்தையை எடை போட்டுப் பார்த்தபோது நன்றாகவே தேறியிருந்தது. "பகலில் எவ்வளவு நேரம் தூங்குகிறான்?" என்று சிஸ்டர் கேட்டார். "பகலில் தூங்கினால் ராத்திரி விழித்துக்கொள்வான் என்று அத்தை எழுப்பிவிடுகிறார்கள். பார்க்க வருகிறவர்களும் ஆளுக்கு ஆள் வாங்கிக் கொஞ்சுகிறார்கள்" என்று பதில் வந்தது. பாலில் குறைவில்லை, குறைவாயிருந்தது தூக்கமே.

நாங்கள் மருத்துவர் அல்லர். ஆனால் குழந்தைநல மருத்துவர்களும் செவிலியர்களும் தாய்மாருக்குச் சொல்வதைப் பல ஆண்டுகளாக அருகிலிருந்து கேட்டு வருகிறோம். உங்களில் பலர் இப்போது தாத்தா, பாட்டி ஆகியிருக்கிறீர்கள். எனவே அதை இங்கே எழுதுகிறோம்.

எவ்வளவு தூக்கம் வேண்டும்?

முதல் மூன்று மாதங்களில் ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரமும், நான்கு முதல் பதினொரு மாதம் வரை 12 முதல் 16 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. பகல் தூக்கமும் இக்கணக்கில் சேரும். பிறந்த குழந்தைக்கு இரவு பகல் தெரியாது. சிறிய வயிறு அடிக்கடி பால் கேட்பதால் அது துண்டு துண்டாகத்தான் தூங்கும். இரண்டு மூன்று மாதங்களில்தான் உடல் இருட்டையும் வெளிச்சத்தையும் பிரித்தறியத் தொடங்குகிறது.

ஒரு பச்சிளங்குழந்தையால் தொடர்ந்து எவ்வளவு நேரம் விழித்திருக்க முடியும்? முதல் ஆறு வாரங்களில் ஏறத்தாழ ஒரு மணி நேரம், பால் குடிக்கும் நேரமும் சேர்த்து. மூன்று மாதத்தில் ஒன்றரை மணி வரை; ஆறு மாதத்தில் இரண்டு மணியோ சற்றுக் கூடுதலாகவோ. குழந்தைக்குக் குழந்தை இது மாறும். இந்த எல்லையைத் தாண்டினால் குழந்தை அயர்ந்து தூங்கிவிடும் என்று நாம் எண்ணுகிறோம். நடப்பது நேர்மாறானது. மிஞ்சிப்போன களைப்பு குழந்தையைப் பரபரப்பாக்குகிறது. அது முதுகை வளைத்து, முஷ்டியை இறுக்கி, மார்பில் வைத்தாலும் உதறி அழுகிறது. பகலில் தூங்க விடாத குழந்தை இரவில் நன்றாகத் தூங்குவதில்லை, தூங்கவே சிரமப்படுகிறது.

பசியா, களைப்பா?

பசித்த குழந்தை தலையைத் திருப்பி மார்பைத் தேடும், வாயைத் திறக்கும், நாக்கை நீட்டும், கையை வாய்க்குக் கொண்டுபோகும். களைத்த குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும், வெறித்துப் பார்க்கும், கொட்டாவி விடும், புருவம் சிவக்கும், சற்று வளர்ந்த பின் கண்ணைக் கசக்கும். இரண்டிலுமே அழுகை கடைசியில்தான் வருகிறது. எது என்று ஐயமாயிருந்தால் முதலில் மார்பில் வைத்துப் பார்ப்பதில் தவறில்லை. குடிக்க மறுத்தால் தூக்கத்தை நினைக்க வேண்டும்.

இன்னொன்றும் அறிய வேண்டியது. பெரும்பாலான குழந்தைகளிடம் இரண்டாம் வாரத்திலிருந்து அழுகை கூடி, ஏறத்தாழ ஆறாம் வாரத்தில் உச்சத்தை அடைந்து, மூன்று நான்கு மாதத்தில் தணிகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெரி பிரேசல்டன் 1962-ஆம் ஆண்டிலேயே இதைப் பதிவு செய்தார். மாலை நேரத்தில்தான் இது மிகுதி. ஆகவே அந்த வயதில் மாலையில் அழும் குழந்தையின் தாய் எந்தக் குற்றமும் செய்தவர் அல்லர்.

பால் போதுகிறதா என்பதை அழுகையைக் கொண்டு அறிய முடியாது. முதல் வாரத்துக்குப் பின் நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, எடையும் ஏறி வந்தால் பால் போதும் என்று அறியலாம். பயந்துபோய்ப் புட்டிப்பால் கொடுத்தால், குழந்தை மார்பில் சப்புவது குறையும். சப்புவது குறைந்தால் பால் ஊறுவதும் குறையும். இல்லாத குறை இப்படித்தான் உண்மையாகிவிடுகிறது. பால்மாவு விளம்பரத்தை இந்தியாவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வீட்டுக்குள் எழும் பயத்தை எந்தச் சட்டமும் தடுப்பதில்லை.

தூங்க வைப்பது எப்படி?

முதல் கொட்டாவி வந்தவுடனே குழந்தையைச் சந்தடியிலிருந்து அப்பால் கொண்டுபோங்கள். தோளில் சாய்த்துக்கொள்ளலாம், மெல்லத் தட்டலாம், தாலாட்டலாம். பகலில் சன்னல் திறந்திருக்கட்டும், வீட்டின் சாதாரண ஓசைகளும் இருக்கட்டும். இரவில் பாலூட்டும்போது விளக்கைத் தணித்து, விளையாட்டுக் காட்டாமல் படுக்க வையுங்கள். இரவு பகல் வேறுபாட்டைக் குழந்தை இப்படிக் கற்றுக்கொள்ளும்.

தூக்கத்தில் குழந்தை முனகும், சிரிக்கும், கைகால் அசைக்கும். பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறத்தாழ பாதி இத்தகைய அசைவுள்ள தூக்கமே. விழித்துவிட்டது என்று உடனே தூக்கிவிடாமல் சற்றுப் பொறுத்துப் பாருங்கள்.

குழந்தையை எப்போதும் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். தலையணையும் கனமான போர்வையும் வேண்டாம். சேலைத் தொட்டிலில் இட்டால் மோவாய் மார்பில் படியாமலும் துணி முகத்தை மூடாமலும் பெரியவர் ஒருவர் பார்த்திருக்க வேண்டும். அண்ணன் அக்காள் கையில் ஆட்டக் கொடுக்க வேண்டாம். நன்றாகத் தூங்கியபின் சமமான படுக்கைக்கு மாற்றுவது நல்லது.

செய்யத் தகாதவை

தூங்குவதற்கென்று வசம்போ வேறு உரைமருந்தோ, இருமல் மருந்தோ கொடுக்க வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பாலும், மருத்துவர் தரும் மருந்தும் தவிர வேறொன்றும் வேண்டாம். சளிக்குக் கொடுக்கும் புரோமெத்தசின் என்னும் மருந்து இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மூச்சை அடக்கி உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் கடும் எச்சரிக்கை விடுத்தது.

எவ்வளவு எரிச்சல் வந்தாலும் குழந்தையைக் குலுக்கக் கூடாது. மூளையில் இரத்தக் கசிவு உண்டாகும். பொறுக்க முடியாத நேரத்தில் குழந்தையைப் பாயில் பத்திரமாகக் கிடத்திவிட்டுச் சில நிமிடம் வெளியே வந்து நில்லுங்கள். அது பாவமல்ல.

தூக்கமே அபாயமாகும் வேளை

இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை பால் குடிக்க எழும்பாமல் துவண்டு கிடந்தாலும், தொட்டால் மட்டுமே அசைந்தாலும், அமைதியாயிருக்கும்போது நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினாலும், நெஞ்சு உள்வாங்கினாலும், உடல் சுட்டாலும், சில்லிட்டாலும், வலிப்பு வந்தாலும் அது களைப்பு அல்ல. அன்றே, அப்பொழுதே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். "நன்றாகத் தூங்குகிறான்" என்று காத்திருந்து காலந்தாழ்த்தி வந்த குடும்பங்களோடு நாங்கள் உட்கார்ந்திருந்ததுண்டு. அதனால்தான் இதை அழுத்திச் சொல்லுகிறோம்.

மூன்று வாரம் கழித்துத் தடுப்பூசிக்கு அந்தத் தாய் மறுபடியும் வந்தார். கூடவே மாமியாரும் வந்திருந்தார். "இப்பொழுது யாரையும் தூக்க விடுவதில்லை ஐயா, நானே காவல் இருக்கிறேன். இவளையும் கூடவே தூங்கச் சொல்லிவிட்டேன்" என்றார் அந்த அம்மாள். மாலை அழுகை முற்றிலும் நிற்கவில்லை, ஆனால் குறைந்திருந்தது. பால்மாவு டின்னைத் திறக்காமலே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.

உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ பச்சிளங்குழந்தை ஒன்று மாலையில் ஓயாமல் அழுதால், "பால் போதவில்லையா?" என்று கேட்பதற்கு முன், "இன்று பகலில் தூங்கினானா? நீ தூங்கினாயா, அம்மா?" என்று கேட்டுப் பாருங்கள்.