மாசக்கணக்கில் நிற்கும் காருக்கு ஹேண்ட் பிரேக் வேண்டாம்!

திருப்பருத்திக்குன்றம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியாது. காஞ்சிபுரத்தை ஒட்டி, திரைலோக்கியநாதர் சமணக் கோவில் இருக்கிற ஊர் என்றால், 'அட, அதுவா?' என்பார்கள். தறிச் சத்தம் கேட்கிற எங்கள் பக்கத்திலும் இப்போது கார்கள் வந்துவிட்டன. பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போய்விட, கார் மட்டும் வாசலில் காவல் காக்கிறது. அப்படி நிற்கிற காரைப் பற்றித்தான் சகோதரிகளுக்கு இந்தக் கடிதம்.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு ஆரம்பித்ததே, அதற்கு முந்தின வாரம் என் கொழுந்தனார் தன் காரை எங்கள் வாசலில் விட்டுவிட்டு, பஸ்ஸில் சென்னை போனார். அங்கே நிறுத்த இடமில்லை. பிறகு இ-பாஸ், அது இது என்று ஆகஸ்ட் கடைசி வரை அவரால் வர முடியவில்லை. அவர் போனில் சொன்னபடி, என் மகள் வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைப்பாள்.

ஜூலையில் ஒருநாள், ராத்திரி 2 மணிக்கு என் மாமியாருக்கு மூச்சுத் திணறல். மகள் ஓடிப்போய் வண்டியை எடுத்தாள். இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. ஹேண்ட் பிரேக்கை இறக்கி, கியர் போட்டு, கிளட்சை விட்டால், பின்பக்கம் லேசாக அமுங்கி இன்ஜின் நின்றுவிட்டது. ரிவர்சிலும் அதே கதை. எதிர் வீட்டு ஆட்கள் நாலு பேர் தள்ளியும் அசையவில்லை. 108-க்கு போன் செய்தோம். வந்து ஏற்றிப் போனார்கள், மாமியார் பிழைத்தார். ஆனால், வாசலில் கார் உறுமிக்கொண்டு நிற்க, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு தெருமுனையையே பார்த்துக் கொண்டிருந்தேனே, அந்த நேரம் எந்த வீட்டுக்கும் வரக் கூடாது.

மறுநாள் மெக்கானிக் வந்தார். 'ஏன்க்கா, ஹேண்ட் பிரேக்கை இழுத்து விட்டுட்டுப் போயிட்டாங்களா? மழை வேற பெஞ்சிருக்கு. உள்ளே பிடிச்சுக்கிச்சு' என்றார். டயரைக் கழற்றி, டிரம்மைச் சுற்றிச் சுத்தியலால் பதமாகத் தட்டினார். 'டொக்'கென்று விட்டுக் கொடுத்தது. உள்ளே செம்மண் மாதிரி துரு!

அவர் விளக்கிச் சொன்னது இதுதான். ஹேண்ட் பிரேக்கை இழுத்தால், ஒரு கம்பி கேபிள் இறுகி, பின் சக்கர டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூவை டிரம்மோடு அழுத்திப் பிடிக்கும். டிரம் வார்ப்பிரும்பு. இரண்டுக்கும் நடுவில் ஈரம் இறங்கித் துருப் பிடித்தால், பசை போட்டு ஒட்டியது போல ஆகிவிடும். அப்புறம் உள்ளே லீவரை இறக்கி என்ன பயன்? சில வண்டியில் கேபிளே உறைக்குள் துருப்பிடித்துத் திரும்பாமல் நின்றுவிடுமாம். இன்ஜினை மட்டும் ஓடவிட்டால் இதற்கு ஒரு உபயோகமும் இல்லை. சக்கரம் சுற்ற வேண்டும். எங்கள் ஊர்த் தறிக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். மழைக்காலத்தில் குழித்தறியில் ஈரம் ஏறினால் படும் பாடு அவர்களுக்குத் தெரியும்.

டிரைவிங் ஸ்கூலில் 'நிறுத்தினால் ஹேண்ட் பிரேக் போடு' என்று சொல்லித் தருவது ரொம்பச் சரி. ஒரு ராத்திரி, ரெண்டு ராத்திரிக்கு அதுதான் பாதுகாப்பு. வாரக்கணக்கில் நிற்கப் போகிறது என்றால், சமதரையில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு (ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் 'பி'யில்), சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட வேண்டும். லாரிக்காரர்கள் டயருக்குக் கட்டை போடுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே மாதிரி. சரிவான தெருவில் இந்த வேலை வேண்டாம். வேறு இடம் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. கியரில் நிற்கிற வண்டியை கிளட்சை மிதிக்காமல் சாவி திருப்பினால் எகிறிக் குதிக்கும். குழந்தைகள் விளையாடுகிற தெருவில் இது விளையாட்டு இல்லை. 'கட்டையை எடு, கிளட்சை மிதி' என்று என் மகள் ஒரு சீட்டு எழுதி ஸ்டியரிங்கில் கட்டியிருக்கிறாள்.

வாரம் ஒரு தடவை ரெண்டு மூணு கிலோமீட்டர் ஓட்டி வந்தால் எல்லாவற்றுக்கும் நல்லது. முன் சக்கர டிஸ்க்கில் லேசாகப் படியும் துரு, நாலு தடவை பிரேக் அடித்தாலே போய்விடும். காரைக் கழுவின கையோடு மூடி வைக்காமல், ஒரு சுற்றுப் போய் பிரேக்கைக் காயவிட்டு நிறுத்துங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. வண்டி ஓடாவிட்டாலும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறார்கள்.

பிடித்துக்கொண்ட வண்டியை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பார்க்கலாம். ரெண்டு மூணு முறைக்கு மேல் வேண்டாம். ஆக்சிலேட்டரை மிதித்து இழுத்தால் ஷூவில் ஒட்டியிருக்கும் லைனிங் பிய்ந்துவிடும், கிளட்ச் கருகும். மெக்கானிக்கைக் கூப்பிடுவதே சிக்கனம்.

சில சமயம் முழுசாகப் பிடிக்காமல், பாதி பிடித்தபடியே வண்டி ஓடும். இழுவை குறையும், கருகின வாடை வரும், ஒரு சக்கரம் மட்டும் அனலாகக் கொதிக்கும். உடனே ஓரங்கட்டி நிறுத்துங்கள். சூட்டைத் தணிக்கிறேன் என்று தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். கொதிக்கிற வார்ப்பிரும்பு சட்டென்று குளிர்ந்தால் விரிசல் விடும்.

- ஒரு வாசகி, திருப்பருத்திக்குன்றம்.