கடல் கடந்த இல்லறமும் கோடைக்கானல் மலையும்

பழனி மலைத்தொடரின் உச்சியிலுள்ள கோடைக்கானலை உல்லாச வாசஸ்தலமென்றே நம்மவரிற் பெரும்பாலோர் எண்ணி வருகின்றனர். ஆனால் அவ்வூர் தோன்றிய காரணம் உல்லாசமன்று. அந்நிய தேசத்தில் இல்லறம் நடத்தத் துணிந்தவர்கள், மனைவி மக்களைச் சாவினின்றும் காக்கத் தேடிய புகலிடமே அது.

1834-ஆம் வருஷத்தில் அமெரிக்கப் பாதிரிமார் யாழ்ப்பாணத்தினின்றும் மதுரைக்கு வந்து தங்கள் மிஷனை ஸ்தாபித்தனர். அவர்களை அனுப்பிய சபையார் பிரமசாரிகளைத் தூரதேசத்திற்கு அனுப்பப் பொதுவாக விரும்புவதில்லை. ஆகவே கப்பலேறுமுன் அவசர அவசரமாகப் பெண் தேடி மணந்து வந்தவர் பலர். நமது விவாக முறையைக் குறை கூறிய கூட்டத்தாரின் சங்கதி இது!

மதுரையின் வெயிலும் காய்ச்சலும் பேதியும் அக்குடும்பங்களைச் சூறையாடின. முதலில் சிறுமலையில் தங்கிப் பார்த்தனர். அங்கும் காய்ச்சல் விடவில்லை. பின்னரே 1845-இல் கோடைக்கானலில் இரண்டு வீடுகளைக் கட்டினர்.

உயிர் தப்பிய குழந்தைகளுக்கோ வேறொரு துன்பம் காத்திருந்தது. படிக்கும் பருவம் வந்ததும் அவர்களை அமெரிக்காவில் விட்டுவிட்டுத் தாய் மட்டும் கணவனிடம் திரும்புவாள். பிறகு வருஷக்கணக்கில் பிள்ளை முகம் காண்பதில்லை. பிள்ளை பெற வேண்டுமென்பது தர்மம்; பெற்ற பிள்ளையைப் பிரிய வேண்டுமென்பதும் தர்மம்! இக்கொடுமையைத் தணிக்கவே 1901-இல் மிஷனரிமாரின் குழந்தைகளுக்காகக் கோடைக்கானலில் பாடசாலை ஏற்பட்டது.

1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார் அவ்வாறு தாயைப் பிரிந்து வளர்ந்தவரே. மிஷனரி வாழ்வே வேண்டாமென்று வெறுத்திருந்தவர், 1890-இல் நோயுற்ற தாயைக் கவனிக்கத் திண்டிவனம் வந்தார். ஓரிரவில் மூன்று வீட்டார் பிரசவ வேதனைப்படும் மனைவியருக்கு உதவி கோரி அவரிடம் வந்தனர். அவரோ வைத்தியம் பயிலாதவர்; தந்தையாகிய வைத்தியரை அனுப்பலாமெனில், ஆண்மகன் தொடலாகாதென்று மூவரும் மறுத்துவிட்டனர். மூன்று பெண்களும் மாண்டனர். அம்மையார் வைத்தியம் பயின்று 1900-இல் திரும்பி, வேலூரில் பெண்களுக்கென்று பணி தொடங்கினார். விவாகம் செய்துகொள்ளவில்லை. 1960 மே மாதம் கோடைக்கானலிலேயே காலமானார். மணமும் மகப்பேறுமின்றேல் பெண்பிறவி வீணென்று பேசும் பெரியோர்கள், அவர் கையாற் பிழைத்த தாய்மாரைச் சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக.

இதே மலைக்கு வேறொரு கூட்டத்தாரும் கடல் கடந்து வந்தனர். அவர்கள் நம்முடைய இரத்தம். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்து, அங்கேயே மணந்து, அங்கேயே பிள்ளை பெற்றவர்கள். 1948-ஆம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபர் 30-இல் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் ஒப்பந்தம் செய்துகொண்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேர் பாதி பாதியாகப் பிரிக்கப்பட்டது 1974-இல். இவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளை "இயற்கைப் பெருக்கம்" என்று அவ்வொப்பந்தம் குறித்தது. ஆட்டு மந்தையைப் பற்றிப் பேசும் பாஷையன்றோ இது? சம்பந்தப்பட்ட ஜனங்களை ஒரு வார்த்தை கேட்டவரில்லை. கணவன் ஒரு தேசத்துப் பிரஜையாகவும் மனைவி மற்றொரு தேசத்துப் பிரஜையாகவும் போனதால் பிரிந்த குடும்பங்கள் உண்டு. சுயராஜ்ய சர்க்கார் கையொப்பமிட்ட பத்திரமிது என்பதை நினைக்க நமக்கு வெட்கமாயிருக்கிறது.

"தாயகம் திரும்பியோர்" என்று சர்க்கார் இவர்களுக்குப் பெயரிட்டது. இத்தாயகத்தை அதற்குமுன் கண்ணாலும் கண்டறியாதவர் அவர்களிற் பலர்! நீலகிரியிற்போலவே கோடைக்கானல் மலையிலும் குடியேறி, வாட்டில் மரம் வெட்டப் போனார்கள். ஒப்பந்தக்காரரிடம் முன்பணம் பெற்று, அது தீராமல் கொத்தடிமைகளாகக் கட்டுண்டவர்களின் கதை 1980-களில் வெளிப்பட்டது. பாதிரிமாரின் குழந்தைகளுக்கெனத் தோன்றிய பாடசாலை அப்போதும் அதே மலையில் நடந்து வந்தது, இன்றும் நடக்கிறது.

இனி நம் சமூகத்தின் பங்கைச் சொல்வோம். அக்கரையில் இருந்தபோது, ஊர்ப் பழக்கம் விடாதே, நம்மவரிலேயே கொள்வினை கொடுப்பினை செய், வம்சம் தழைக்கப் பிள்ளை பெறு என்று அவர்களிடம் எதிர்பார்த்தோம். அவர்களும் பாட்டன் ஊரின் பெயரையும் குலதெய்வத்தின் பெயரையும் மறவாமல் அவ்வாறே நடந்தனர். அவர்கள் திரும்பி வந்து பெண் கேட்டபோது, "சிலோன்காரர்" என்று சொல்லிச் சம்பந்தம் செய்யத் தயங்கியவர்களும் நாமே.